போட் மெயில் போன கடல்: தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் பற்றி வாசகர் கேள்விகள்

பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டபின், பழைய பாலம் யாருக்காகக் கட்டப்பட்டது, அதன் வழியே இலங்கைக்குப் போன கப்பல் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் எழுதிக் கேட்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே விடை.

எழும்பூரில் ஏறிப் படுத்தால் பெட்டியை விட்டு இறங்காமலே கொழும்பு போய்ச் சேரலாம், ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள் என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா?
– வாசகர், மானாமதுரை

டிக்கெட் ஒன்றுதான், வண்டி ஒன்றல்ல. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்புக் கோட்டை நிலையம் வரை செல்லுபடியானது. பெரியவர்கள் நினைவில் அதுவே "இறங்காமலே போகலாம்" என்று மாறியிருக்க வேண்டும். பயணிகள் பெட்டி எதுவும் கடலைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தாலும் அக்கரையில் ஓடியிருக்காது. எழும்பூர் – தனுஷ்கோடிப் பாதை மீட்டர் கேஜ்: தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர். இலங்கையின் பாதை அகலப் பாதை: 1,676 மில்லிமீட்டர். இந்தப் பக்கத்துச் சக்கரம் அந்தத் தண்டவாளத்தில் உட்காராது.

பயணம் நடந்த முறை இது. கப்பலுக்கு ஆள் கொண்டுபோகும் ரயிலுக்குப் போட் மெயில் என்று பெயர். இரவு எழும்பூரில் அது புறப்படும். மறுநாள் பகலில் மண்டபம் வந்து, பாலம் ஏறிப் பாம்பன் சேரும். பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை சுமார் 6 மைல் ஓடி இராமேஸ்வரத்தில் முடியும். இன்னொன்று சுமார் 15 மைல் ஓடித் தனுஷ்கோடிக்குப் போகும். போட் மெயில் இராமேஸ்வரம் ஊருக்குள் போகவே போகாது, நேராகத் தனுஷ்கோடிதான். இராமேஸ்வரம் கோயிலுக்குப் போகிறவர்கள் பாம்பனிலேயே வண்டி மாறிவிட வேண்டும்.

தனுஷ்கோடியில் ரயில் துறைமுகத்தை ஒட்டியே நிற்கும். இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, மூட்டை முடிச்சோடு கப்பல் ஏற வேண்டும். கடலில் 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர். தலைமன்னார் இறங்குதுறையில் இலங்கை ரயில் காத்திருக்கும். அது மன்னார், மடு, மதவாச்சி, அநுராதபுரம், மாகோ வழியாக இரவெல்லாம் ஓடி, விடியலில் கொழும்புக் கோட்டையை அடையும். கண்டிப் பக்கம் போகிறவர்கள் பொல்காவலையில் மாறுவார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மானாமதுரை – இராமேஸ்வரம் பாதை 2007இல் அகலப் பாதையாயிற்று. இப்போது இரு கரையிலும் தண்டவாள அகலம் ஒன்றே. அளவு பொருந்தாத காலத்தில் கப்பல் ஓடியது; அளவு பொருந்திய காலத்தில் கப்பல் இல்லை.

1914க்கு முன்பு கொழும்புக்கு எப்படிப் போனார்கள்? தூத்துக்குடியை விட்டுவிட்டுத் தனுஷ்கோடி மணலைத் தேடிப் போக என்ன அவசியம்?
– வாசகர், கோவில்பட்டி

தூத்துக்குடி வழியாகத்தான் போனார்கள். அப்போதும் அதற்குப் போட் மெயில் என்றே பெயர். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் 443 மைல். பிறகு ஓர் இரவு கடல். வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து, காலியா, லாவோ என்ற கப்பல்களை விட்டது இந்தத் தூத்துக்குடி – கொழும்பு வழியில்தான். அவரோடு போட்டி போட்ட ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்ததும், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்ததும் எல்லோரும் அறிந்த வரலாறு. அந்தப் போட்டியின் மையம் ஒரு பயணிகள் கப்பல் வழி என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம்.

தூத்துக்குடியில் குறை இரண்டு. ஒன்று, கடல் நீளம். ஓர் இரவு முழுக்க மன்னார் வளைகுடாவில் ஆட வேண்டும்; தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அது சாதாரண ஆட்டமல்ல. இரண்டு, அந்நாளில் பெரிய கப்பல் கரையை ஒட்ட முடியாது. கரையோரம் ஆழம் போதாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ரயிலிலிருந்து இறங்கி, சிறு படகில் ஏறி, படகிலிருந்து கப்பலில் ஏற வேண்டும். பெட்டி நனைவதும் குழந்தைகள் பயந்து அழுவதும் அந்த இரண்டாவது ஏற்றத்தில்தான். தனுஷ்கோடி இரண்டையும் தீர்த்தது: கடல் 22 மைலாகச் சுருங்கியது, ரயில் நின்ற இடத்திலிருந்தே கப்பலுக்கு ஏற முடிந்தது. கப்பல் சேவையின் தரத்தைக் கப்பலை வைத்து அளக்கக் கூடாது, ஏறுமிடத்தையும் இறங்குமிடத்தையும் வைத்தே அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் கடற்கரையில் இல்லை.

இதற்காகவே பாம்பன் கால்வாயின் மேல் 143 தூண்களோடு 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் பாலம் கட்டி, 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். இராமேஸ்வரம் யாத்திரிகர்களுக்காகக் கட்டிய பாலம் என்று பலர் நினைக்கிறார்கள். யாத்திரிகர்கள் பயனடைந்தார்கள்; பணம் செலவழிக்கப்பட்டது இலங்கை வழிக்காக.

பாம்பன் பாலத்தைத் தூக்கி வழிவிட்டது இந்தக் கப்பலுக்காகவா?
– வாசகர், பரமக்குடி

இல்லை. போட் மெயில் கப்பல்கள் தீவின் மறுகோடியில் இருந்து கிளம்பின. பாலத்தின் அடியில் போக வேண்டிய தேவையே அவற்றுக்கு இல்லை. பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே கால்வாய் வழியாகப் போகும் வேறு கப்பல்களுக்காகவும் படகுகளுக்காகவும் அந்தத் தூக்கு அமைப்பு வைக்கப்பட்டது.

தனுஷ்கோடியில் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இரண்டு கப்பல் துறைகள் இருந்ததாகச் சொல்கிறார்கள். சின்ன ஊருக்கு இரண்டு எதற்கு?
– வாசகர், தொண்டி

காற்றுக்காக. தனுஷ்கோடி ஒரு மணல் நாக்கு. அதன் வடபுறம் பாக் நீரிணை. மீனவர் அதைப் பெண்கடல் என்பார்கள். தென்புறம் மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வடபுறம் ஆழம் குறைவு, பெரும்பாலும் அமைதி. தென்புறம் ஆழம், அலை, இழுப்பு எல்லாம் அதிகம். ஆனால் அமைதி எந்தப் பக்கம் என்பதை மாதம்தான் முடிவு செய்கிறது.

அக்டோபரிலிருந்து வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது பெண்கடல்தான் குமுறும். மணல் நாக்கு அணைபோல நின்று தென்கரைக்கு மறைவு தரும். எனவே தென்துறை. வைகாசி, ஆனி தொட்டுக் கச்சான் வீசும்போது ஆண்கடல் எழும், வடகரை மறைவாகும். எனவே வடதுறை. ஒரே துறையை வைத்துக்கொண்டிருந்தால் ஆண்டில் சில மாதங்கள் கப்பல் துறையில் மோதிக்கொண்டே நிற்கும். கயிறு அறும், ஏணிப் பலகை நிற்காது, ஆள் ஏற்ற முடியாது.

பாக் நீரிணைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஆழம் குறைந்த கடலில் காற்று எழுப்பும் அலை நீண்டு உருளாது. நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். உயரம் பெரிதாகத் தெரியாது, ஆனால் ஒன்றிலிருந்து கப்பல் மீள்வதற்குள் அடுத்தது வந்து அடிக்கும். இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள். கீழே நாகப்பட்டினம் பற்றிய கேள்விக்கும் இதுவே விடை.

என் தாத்தாவின் டைரியில் "இர்வினில் ஏறினோம்" என்று ஒரு வரி இருக்கிறது. தேதி இல்லை. எந்த ஆண்டுகள் என்று கணிக்க முடியுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஓரளவுக்கு முடியும். தென்னிந்திய ரயில்வே தொடக்கத்தில் இறக்கிய மூன்று நீராவிக் கப்பல்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூவரும் இந்தியாவின் வைஸ்ராய்கள். பின்னால் வந்தவை இர்வின், கோஷன். இர்வின் 1926 முதல் 1931 வரை வைஸ்ராய்; கோஷன் 1924 முதல் 1929 வரை சென்னை மாகாண ஆளுநர். ஆகவே உங்கள் தாத்தாவின் பயணம் 1920களின் பிற்பகுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஏறியது தனுஷ்கோடியில் என்றால், அந்தத் துறையே 1964 டிசம்பரோடு போய்விட்டதால் மேல் எல்லையும் கிடைத்துவிடுகிறது. டைரியில் "ராமானுஜம்" என்று இருந்தால் அது வேறு காலம், வேறு துறை; அந்தக் கப்பல் புயலுக்குப் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. கூடவே பணத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா பாருங்கள். இந்தியச் செலவை அணாவில் குறித்திருந்தால் பெரும்பாலும் 1957க்கு முன்பு.

இலங்கை மலையகத்தில் "ஒப்பாரிக் கோச்சி" என்றார்களே, அது இந்த ரயில்தானா? மண்டபம் கேம்ப் என்ற பெயர் எப்படி வந்தது?
– வாசகர், கூடலூர்

இதே வழிதான். மேல்தட்டுப் பயணிகளுக்கு இது போட் மெயில். தோட்டத் தொழிலாளிக்கு வேறொன்று. அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இந்தக் கப்பலின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

ரயிலும் பாலமும் வருவதற்கு முன், தொழிலாளர்கள் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கி, வடக்குப் பாதை எனப்பட்ட காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். தண்ணீரில்லாமலும் காலராவாலும் காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். மலையகத் தமிழர்கள் தாங்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தது இதை மனத்தில் வைத்துத்தான். கப்பலும் ரயிலும் அந்த நடைச்சாவை நிறுத்தின. அதற்குப் பதிலாக வந்தது முகாம்.

கொள்ளைநோயும் காலராவும் தீவுக்குள் நுழையாமல் தடுக்க இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில், தடுத்துவைப்பு முகாம் நடத்தியது. தோட்டங்களுக்காக ஆள்சேர்த்துக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் அங்கே சில நாள் வைக்கப்பட்டு, மருத்துவம் பார்க்கப்பட்டு, தொகுதி தொகுதியாகத் தனுஷ்கோடிக்கு அனுப்பப்பட்டார்கள். ஆள் மாறிப்போகாதிருக்கத் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு கொடுக்கும் முறையும் இருந்தது. டின் டிக்கெட் என்பது அதுதான். அந்த முகாமை ஒட்டிய ரயில் நிலையத்துக்கு இன்றும் மண்டபம் கேம்ப் என்றே பெயர்.

ஒப்பாரிக் கோச்சி இதன் எதிர்த்திசை. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தாய் ஒரு பட்டியலிலும் மகள் இன்னொன்றிலும் விழுந்த வீடுகள் உண்டு. இந்தியா என்று எழுதப்பட்டவர்கள் தலைமன்னாருக்கு ரயில் ஏறிய நிலையங்களில் வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அந்த வண்டிக்கு அப்பெயர் வந்தது. மண்டபம் முகாம் அப்போது வந்திறங்கியவர்களின் முதல் தங்குமிடமாயிற்று. 1983க்குப் பின் அகதிகள் முகாமாகவும் ஆயிற்று. போனவர்களையும் திரும்பியவர்களையும் தப்பி வந்தவர்களையும் ஒரே இடம் பார்த்திருக்கிறது.

எங்கள் குடும்பம் 1970களில் இலங்கையிலிருந்து வந்தது. பெட்டியில் சில பழைய தாள்கள் இருக்கின்றன. எவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்?
– வாசகர், கோத்தகிரி

முதலில் பாஸ்போர்ட். கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்ததாக இருக்கும். அதில் இறங்கிய தேதி முத்திரை பாருங்கள். பலருக்கு முதல் பக்கத்தைவிட அந்த முத்திரைதான் பயன்படுகிறது. இரண்டாவது, குடும்ப அட்டை. இது ரேஷன் அட்டை அல்ல. தாயகம் திரும்புவோருக்குக் கொடுத்தது. குடும்பத்தினர் பெயர்களும், என்ன மறுவாழ்வு உதவி என்பதும் அதில் இருக்கும். மூன்றாவது, தோட்டத்துச் சீட்டுகள்: பிறப்புப் பதிவு, பற்றுச்சீட்டு, தோட்டப் பள்ளிச் சான்று. தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் (தோட்டப் பிரிவு) பெயரும் இருந்தால் அதை விடாதீர்கள்.

வழக்கமாகச் சிக்கல் வருவது பெயரில். இலங்கைத் தாள்களில் ஒரு எழுத்துக்கூட்டு, இங்கே இன்னொன்று. அங்கே தந்தை பெயர் முழுதாக, இங்கே முதலெழுத்தாக. தாள்களைப் பக்கத்தில் வைத்து, வேறுபாடுகளை ஒரு தனித்தாளில் எழுதி, எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கத்தையும் சேர்த்து, ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். மூலத்தை லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் பழைய மை பரவும், முத்திரை மங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களில் வேலை கிடைத்தவர்கள் அந்த நியமனத் தாளையும் இவற்றோடு சேர்த்து வையுங்கள்.

1964 புயலோடு கப்பல் நின்றுவிட்டது என்றுதானே எல்லோரும் எழுதுகிறார்கள்?
– வாசகர், மதுரை

எழுதுகிறார்கள், தவறு. புயல் அழித்தது துறையையும் ஊரையும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை நெருங்கும்போது பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பாசஞ்சர், நிலையத்தை எட்டும் முன்பே கடலலையில் மூழ்கியது. கணக்கில் வந்த 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இறந்தார்கள். டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்குப் பட்டியலே இல்லை. பாலத்தின் கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) பெருமளவு கடலில் விழுந்தன. ரயில்வே பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் சரிசெய்யப்பட்டது. விழுந்த கர்டர்களையே கடலிலிருந்து எடுத்து மறுபடி பொருத்தியதுதான் அந்த வேகத்துக்குக் காரணம்.

பாலம் மீண்டது, தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை. அரசு அந்த ஊரை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. 1970களில் தாயகம் திரும்பியவர்கள் வந்திறங்கியதெல்லாம் அங்கேதான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நிலைமை கெட்டு, அடுத்த சில மாதங்களில் சேவை அடங்கியது. 1990இல் மன்னார்ப் பக்கத்து ரயிலும் நின்றது. ஆக, கப்பலைக் கொன்றது புயல் அல்ல, போர்.

நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் ஏன் விட்டு விட்டு ஓடுகிறது? போவதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், திருவாரூர்

அது 2023 அக்டோபர் 14 அன்று, அதாவது வாடைக்காற்று தொடங்கும் வாரத்தில் தொடங்கப்பட்டது. செரியபாணி என்ற 150 பேர் ஏறும் விரைவுக் கப்பல் சில நாட்களே ஓடி நின்றது. 2024 ஆகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற கப்பலோடு தனியார் நிறுவனம் மீண்டும் தொடங்கியது. தூரம் சுமார் 60 கடல் மைல், சுமார் 4 மணி நேரம். தனுஷ்கோடி வழியைவிட மூன்று மடங்கு கடல். மேலே சொன்ன நெருக்கமான, செங்குத்தான அலை. அதற்குமேல் இலகுவான சிறிய கப்பல். மழைக்காலத்தில் நிறுத்துவது நிர்வாகக் குறை அல்ல, சரியான முடிவு. பெரிய கப்பல் விட்டால் போதாதா என்றால், அதையும் பார்த்தாயிற்று. 2011 ஜூனில் தூத்துக்குடி – கொழும்பு வழியில் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய ஸ்கோஷியா பிரின்ஸ் விடப்பட்டு, போதிய பயணிகள் இல்லாமல் அந்த நவம்பரிலேயே நின்றது.

போகிறவர்கள் பிப்ரவரி கடைசியிலிருந்து செப்டம்பர் வரை திட்டமிடுங்கள். பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான முன்அனுமதியும் வேண்டும். முதல் நாள் மாலையிலும் புறப்படும் காலையிலும் கப்பல் உண்டா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். திரும்பும் நாளுக்கு அடுத்த நாளே முக்கிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வாந்தி மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மூட்டையின் எடை வரம்பைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள், விமானத்தை நினைத்துக்கொண்டு கட்டாதீர்கள்.

தலைமன்னார் ரயில் 2015 மார்ச் 14 முதல் மறுபடி துறைமுனை வரை ஓடுகிறது. இராமேஸ்வரத்துக்குப் புதிய பாலம் வந்துவிட்டது. இரு கரையிலும் ரயில் தயார். நடுவில் வேண்டியவை இரண்டு கரையிலும் காற்றைத் தாங்கும் துறை, சுங்கம், குடியேற்றச் சோதனைக் கூடம், வண்டி நேரத்தோடு ஒத்த கப்பல் நேரம். கப்பல் வாங்குவது இவற்றில் எளிய வேலை. அதை முதலில் செய்தால் மறுபடி நிற்கும்.

தனுஷ்கோடியில் இப்போது பார்க்க என்ன மிச்சம்?
– வாசகர், சேலம்

தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் சிதைவு, தண்ணீர்த் தொட்டி, சில கட்டடக் கூடுகள். அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை உண்டு. காலையில் போங்கள், மாலையில் சாலையை அடைத்துவிடுவார்கள், நிழலும் நல்ல தண்ணீரும் அரிது. முனையை நோக்கி நின்றால் இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல். இரண்டின் அலையையும் ஒரே நேரத்தில் பாருங்கள். எந்த மாதத்தில் எந்தத் துறையிலிருந்து கப்பல் கிளம்பியிருக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இரு பக்கமும் நீரில் இறங்க வேண்டாம், முனையில் இழுப்பு கடுமை. சுவரிலிருந்து பவளக்கல் பெயர்த்து எடுத்துவருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்பவரைக் கண்டால் சும்மா இருக்காதீர்கள்.